பூங்கா இடத்தில் கட்டடம் எழும்பினால் எங்கே போய்க் கேட்பது? குடியிருப்போருக்கான முழு வழிகாட்டி

ஒரு நாள் காலையில் தெருக்கோடியில் ஜே.சி.பி. வந்து நிற்கிறது. மனை வாங்கிய காலத்தில் பூங்கா என்று காட்டப்பட்ட இடத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிறார்கள். கேட்டால், "அப்ரூவல் வாங்கியாச்சு சார்" என்கிறார் மேஸ்திரி. கவுன்சிலர் ஆணையரைப் பார்க்கச் சொல்கிறார், ஆணையர் அலுவலகத்தில் நகரமைப்புப் பிரிவைக் கைகாட்டுகிறார்கள், அங்கே ஆய்வாளர் களப்பணிக்குப் போயிருக்கிறார். தமிழ்நாட்டின் எந்த நகராட்சியிலும் குடியிருப்போர் சங்கம் நடத்தியவர்களுக்கு இந்த அலைச்சல் புதிதன்று. எங்கள் தெருவில் ஏறக்குறைய நான்காண்டுகள் இப்படி அலைந்து, பாதி தவறுகளைச் செய்த பிறகே ஒழுங்கான வழி புலப்பட்டது. அதைத்தான் இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

முதலில் குறையை இரண்டாகப் பிரியுங்கள்

நாங்கள் செய்த முதல் தவறு, எல்லாக் கோபத்தையும் ஒரே மனுவில் கொட்டியது. கட்டடம் விதியை மீறுகிறது என்பது ஒரு குறை. அதைத் தடுக்க வேண்டிய உள்ளாட்சி அமைப்பு கண்ணை மூடிக்கொண்டது அல்லது உடந்தையாக இருந்தது என்பது வேறொரு குறை. முன்னதை விசாரிக்கும் அதிகாரிக்குப் பின்னதை விசாரிக்க அதிகாரம் இல்லை. பின்னதை விசாரிக்கும் அமைப்பு கட்டடத்தின் பக்க இடைவெளியை நாடா பிடித்து அளக்க வராது. இரண்டையும் கலந்து எழுதிய மனு, யாரைப் பற்றிப் புகாரோ அவருடைய மேசைக்கே "தக்க நடவடிக்கைக்காக" அனுப்பப்பட்டு அங்கேயே உறங்கிவிடும். ஆகவே கட்டடத்தைப் பற்றி ஒரு கோப்பும், உள்ளாட்சியின் நடத்தையைப் பற்றி வேறொரு கோப்பும் தொடங்குங்கள். ஓர் ஆவணம் இரண்டுக்கும் தேவைப்பட்டால் இரண்டு நகல் எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் உங்களுக்குள் நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நம் தெருவில் அடுக்குமாடி வருவதே பிடிக்கவில்லையா, அல்லது வருகிற கட்டடம் விதியை மீறுகிறதா? பட்டா நிலத்தில், குடியிருப்புப் பகுதியில், விதிக்குட்பட்டு ஒருவர் வீடு கட்டுவதை யாராலும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. வெயில் மறைகிறது, வாடகைக்கு வருபவர்கள் எப்படிப்பட்டவர்களோ என்பவை மனுவில் இடம்பெற்றால், மற்ற நியாயமான வரிகளையும் அதிகாரி அதே கண்ணோடு படிப்பார்.

யார் கையெழுத்திட்டார்கள் என்று கண்டுபிடியுங்கள்

அனுமதி என்று பொதுவாகச் சொல்வது உண்மையில் இரண்டு. நிலத்தில் இன்ன கட்டடம் வரலாம் என்பது திட்ட அனுமதி. அதன்பேரில் உள்ளாட்சி அமைப்பு தருவது கட்டட அனுமதி. சென்னைப் பெருநகரப் பகுதியில் பெரிய கட்டடங்களுக்கும் மனைப்பிரிவுகளுக்கும் திட்ட அனுமதி தருவது சி.எம்.டி.ஏ. எனப்படும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்; மற்ற இடங்களில் டி.டி.சி.பி. எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககமும் அதன் மாவட்ட அலுவலகங்களும். சிறிய கட்டடங்களுக்கு அந்த அதிகாரம் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சிகளிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு, தரைத்தளமும் அதன்மேல் ஒரு தளமும் மட்டும் என்ற வரம்போடு, உரிமையாளரின் சுயசான்றின் பேரிலேயே இணையவழியில் உடனடி அனுமதி கிடைக்கிறது. இவ்வகை வீட்டுக்கு யாரும் முன்கூட்டி வந்து பார்ப்பதில்லை என்பதால், சுயசான்றில் சொன்னது பொய்யாக இருந்தால் அதைச் சுட்டிக்காட்டக்கூடியவர் பெரும்பாலும் அண்டை வீட்டுக்காரர்தான்.

கட்டும் இடத்தில் அனுமதி எண்ணோடு பலகை இருக்கிறதா என்று பாருங்கள். உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 17 அன்று அளித்த தீர்ப்பொன்றில், கட்டுமானம் முடியும்வரை அனுமதிக்கப்பட்ட வரைபடத்தைக் கட்டுமான இடத்தில் காட்சிக்கு வைக்க வேண்டும் என்றும், அதிகாரிகள் அவ்வப்போது ஆய்வு செய்து பதிவு வைக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டிருக்கிறது. பலகை இல்லையென்றால் அந்த வெற்றிடத்தை நாளிதழின் முதல் பக்கத்தோடு சேர்த்து ஒரு படம் எடுத்துவையுங்கள். மனுவின் முதல் இணைப்பு அதுதான்.

நிலத்தின் வரலாற்றைத் தேடுங்கள்

எதைச் செய்வதானாலும் புல எண்ணும் உட்பிரிவும் வேண்டும். "தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ப்புற காலியிடம்" என்று எழுதிய மனுவை எந்த அலுவலகமும் எளிதில் திருப்பி அனுப்பும். அரசின் இணையச் சேவையில் பட்டா, சிட்டா, அ-பதிவேட்டு (நிலத்தின் வகைப்பாட்டைக் காட்டும் வருவாய்த் துறைப் பதிவேடு) விவரம், புலப்படம் ஆகியவற்றைப் பார்க்கலாம். பதிவுத்துறை இணையதளத்தில் அதே புல எண்ணுக்கு வில்லங்கச் சான்று எடுக்கலாம். இவற்றோடு கிராம வரைபடத்தையும் சேர்த்துப் பாருங்கள். வாய்க்கால், ஓடை, ஏரி உள்வாய், வண்டிப்பாதை, மேய்க்கால் என்று அ-பதிவேட்டில் இருக்கும் நிலம் இன்று எந்தப் பெயரில் விற்கப்பட்டாலும் அதன் வகைப்பாடு வெறும் கிரையப் பத்திரத்தால் மாறிவிடாது. ஏரி ஆக்கிரமிப்பென்றால் 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டமும் துணைக்கு வரும். அப்போது மனு போக வேண்டிய இடம் நகராட்சி அன்று, நீர்வளத் துறையும் வருவாய்த் துறையும்.

மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதுதானா என்பதும் முக்கியம். அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்ததும், அதன்பின் 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்ததும் பலருக்கு நினைவிருக்கும். அந்த வரன்முறை 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கே. அதற்குப் பிறகு போடப்பட்ட மனையை "ரெகுலரைஸ் பண்ணிடலாம்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

பூங்கா இடத்துக்கு வருவோம். பேச்சுவழக்கில் ஓ.எஸ்.ஆர். என்று சொல்லப்படும் திறந்தவெளி ஒதுக்கீட்டின்படி, சாலைகள் நீங்கலாக 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் 10 விழுக்காட்டைப் பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சி அமைப்புக்கு ஒப்படைக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் நிலத்துக்குப் பதிலாகப் பணம் கட்டிவிட வழியுண்டு. எனவே உங்கள் மனைப்பிரிவு இரண்டரை ஏக்கருக்குக் குறைவானதென்றால், பூங்கா என்று விளம்பரத்தில் மட்டும் இருந்ததா, அனுமதிக்கப்பட்ட வரைபடத்திலும் இருந்ததா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்.

பழைய மனைப்பிரிவுகளில் வேறொரு சிக்கல். வரைபடத்தில் பூங்கா பச்சை நிறத்தில் இருக்கும். தானப் பத்திரம் எழுதப்பட்டிருக்காது. இருபது முப்பது ஆண்டுகள் கழித்து மனை போட்டவரின் வாரிசுகள் பட்டா எங்கள் பெயரில்தானே இருக்கிறது என்று விற்றுவிடுவார்கள். எங்கள் இடத்திலும் இதுவே நடந்தது. பூங்காவைக் காட்டி மனைகளை விற்றபின் அதை வேறு பயனுக்கு மாற்ற முடியாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. பெங்களூரில் பூங்கா இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்த்து அப்பகுதி மக்கள் தொடர்ந்த வழக்கில், 1991இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்றதோடு, அங்கே குடியிருப்பவர்களுக்கு வழக்குத் தொடுக்கும் உரிமை உண்டு என்பதையும் உறுதிசெய்தது. "உங்களுக்கும் இந்த இடத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பவர்களுக்கு அந்தத் தீர்ப்பே பதில்.

தகவல் உரிமை மனு: காரணம் கேட்காதீர்கள், காகிதம் கேளுங்கள்

மொத்த வேலையிலும் பாதி இங்கேதான். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6(1) பிரிவின்கீழ், 10 ரூபாய்க்கான நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுத வேண்டும், இணையவழியிலும் அனுப்பலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் முதல் மனுவில், "பூங்கா இடத்தில் கட்டடம் கட்ட நகராட்சி ஏன் அனுமதித்தது?" என்று கேட்டிருந்தோம். முப்பதாம் நாள் ஒற்றை வரியில் பதில் வந்தது: "தாங்கள் கோருவது தகவல் என்ற வரையறையில் வராது." கோபம் வந்தாலும், சட்டப்படி அந்தப் பதில் சரியே. ஏன், எப்படி, நியாயமா என்பவை கருத்துகள். அலுவலகத்தில் இருக்கும் ஆவணம் மட்டுமே தகவல்.

இரண்டாவது மனுவை இப்படி எழுதினோம்: இன்ன புல எண்ணில் அடங்கிய மனைப்பிரிவுக்கு அளிக்கப்பட்ட அங்கீகார ஆணையின் நகல்; அதனுடன் இணைந்த வரைபடத்தின் நகல்; திறந்தவெளி ஒதுக்கீட்டு இடம் தொடர்பான தானப் பத்திரத்தின் நகல், அப்படி ஆவணம் இல்லையெனில் இல்லை என்ற விவரம்; இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை அந்த இடத்துக்கு வழங்கப்பட்ட கட்டட அனுமதி எண், நாள், வரைபடம்; தள ஆய்வு அறிக்கை; இது தொடர்பான நகர்மன்றத் தீர்மானத்தின் எண்ணும் நகலும். "இல்லையெனில் இல்லை என்ற விவரம்" என்ற சொற்றொடரை மறக்காதீர்கள். தானப் பத்திரம் எங்களிடம் இல்லை என்று அலுவலகமே முத்திரையிட்டு எழுதித் தருவது, பத்திரம் கிடைப்பதற்கு நிகரான சான்று.

அதே மனுவில், 2(j) பிரிவின்படி கோப்பை நேரில் பார்வையிட அனுமதியும் கேளுங்கள். நகல் கேட்டால் தேடிக் கிடைக்கவில்லை என்பவர்கள், பார்வையிட வருகிறேன் என்றால் எப்படியோ எடுத்துவிடுகிறார்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. நாங்கள் போன அன்று, பழுப்பேறிய கோப்பில் நூல் கட்டிய பக்கங்களுக்கு நடுவே அமோனியா அச்சு வரைபடம் எட்டாக மடிக்கப்பட்டிருந்தது. மடிப்பில் கிழிந்திருந்த இடத்துக்குச் சற்று மேலே பச்சை மையில் தீட்டிய நீள்சதுரமும், உள்ளே "பூங்கா" என்ற கையெழுத்தும் தெளிவாகத் தெரிந்தன. அடுத்த பக்கத்தில், அந்த இடத்தைக் கையகப்படுத்தித் தானப் பத்திரம் பெறுமாறு எழுதப்பட்ட அலுவலகக் குறிப்பு. அதன் கீழ் எவருமே மேல்நடவடிக்கை எழுதவில்லை. கட்டடம் பற்றிய கோப்புக்கு வரைபடமும், நடத்தை பற்றிய கோப்புக்கு அந்தக் குறிப்பும் கிடைத்தது ஒரே நாளில்.

வரைபடம் மூன்றாம் தரப்புத் தகவல் என்று மறுப்பது வழக்கம். மூன்றாம் தரப்பின் கருத்தைக் கேட்க வேண்டும் என்றுதான் 11ஆம் பிரிவு சொல்கிறது. அவர் மறுத்துவிட்டார் என்பதே முடிவாகிவிடாது, பொதுநலனை எடைபோட்டு அலுவலர்தான் முடிவெடுக்க வேண்டும். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ, அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. ஆணையத்தில் முறை வர வெகுகாலம் ஆகும் என்பதால், ஒரே தகவலை உள்ளாட்சியிடமும் டி.டி.சி.பி. அல்லது சி.எம்.டி.ஏ.விடமும் தனித்தனியாகக் கேட்பது நல்லது. ஓரிடத்தில் தொலைந்த கோப்பு இன்னோரிடத்தில் பத்திரமாக இருக்கும்.

மீறலை அளந்து எழுதுங்கள்

இப்போது அடிப்படை, 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். உயர்மாடிக் கட்டடங்கள் அல்லாதவற்றுக்குத் தளப்பரப்புக் குறியீடு (மனைப்பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு) 2. அதாவது ஒரு கிரவுண்டான 2,400 சதுர அடி மனையில் எல்லாத் தளங்களும் சேர்ந்து 4,800 சதுர அடி. சாலை அகலத்தைப் பொறுத்துக் கட்டணம் செலுத்திக் கூடுதல் குறியீடு பெறவும் வழியுண்டு என்பதால், கணக்கு மிஞ்சியதுமே மீறல் என்று முடிவுகட்டாமல், அனுமதி ஆணையைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். எளிதில் பிடிபடுபவை வேறு: விடவேண்டிய பக்க இடைவெளியில் படிக்கட்டு, வாகனம் நிறுத்தக் காட்டிய தூண்தளத்தில் கடை, வரைபடத்தில் இல்லாத கூடுதல் தளம். அத்துமீறி உள்ளே நுழையாமல், உங்கள் எல்லைச் சுவரிலிருந்தும் பொதுத் தெருவிலிருந்தும் தேதி தெரியும்படி வாரந்தோறும் படமெடுங்கள்.

மனுவில் அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்ற பழைய வடிவமே போதும். இன்ன அனுமதியின்படி இன்ன அளவு, களத்தில் இருப்பது இன்ன அளவு, ஆகவே 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் 56, 57 பிரிவுகளின்கீழ் பணியை நிறுத்தவும் அனுமதியற்ற பகுதியை அகற்றவும் நடவடிக்கை கோருகிறோம் என்று இரண்டு பக்கத்துக்குள் முடித்துவிடுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். அஞ்சலில் என்றால் சேர்க்கப்பட்டதற்கான ஒப்புகையோடு விரைவு அஞ்சல். பதிவு அஞ்சல் 2025இல் அதனோடு இணைக்கப்பட்டுவிட்டது. அந்த முத்திரையிட்ட நகல்தான் பின்னாளில் உயர் நீதிமன்றத்தில் முதல் ஆவணம்.

நேரம் இங்கே எல்லாவற்றையும்விட முக்கியம். அடித்தளம் தோண்டும்போது கொடுத்த மனுவால் பணி நிறுத்த அறிவிப்பு வரக்கூடும். ஆள் குடியேறிய பிறகு கொடுத்தால் அங்கே குழந்தைகளோடு நிற்கும் குடும்பங்களையும் சேர்த்தே எதிர்கொள்ள வேண்டும். பணம் கட்டி ஏமாந்தவர்களும் அவர்களே. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அல்லது எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட திட்டம் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். வீடு ஒதுக்கப்பட்டவர்களில் மூன்றில் இரு பங்கினரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலின்றி வரைபடத்தை மாற்ற ரெரா சட்டம் அனுமதிப்பதில்லை என்பதால், வீடு வாங்கியவர்களை எதிரிகளாக நினைக்காமல் உடன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுற்றுச்சூழல் அனுமதி பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு. 20,000 சதுர மீட்டர் கட்டடப் பரப்புக்கு மேற்பட்ட திட்டங்களுக்கு அந்த அனுமதி தேவை. ஆனால் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி கட்டுமானத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கிடையாது. தண்டோரா போடுவார்கள் என்று காத்திருக்காமல், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பத்தைத் தேடிப் படியுங்கள். அனுமதியை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்களே உண்டு. தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள்கள்.

சபையில் பேசுவது

ஊராட்சிப் பகுதியென்றால் கிராம சபை கையிலிருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பேசியதைவிட, தீர்மானப் பதிவேட்டில் எழுதியதே நிற்கும். முன்கூட்டியே தீர்மான வாசகத்தை எழுதி எடுத்துச்சென்று, பதிவேட்டில் ஏற்றியபின் அதன்கீழ் கையெழுத்திடுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிப் பிறகு நிரப்பும் பழக்கம் இருக்கும் ஊர்களில் இது மட்டுமே பெரிய வேலை. 3,001 முதல் 10,000 வரை மக்கள்தொகையுள்ள ஊராட்சிக்குக் குறைவெண், அதாவது வந்தாக வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை, 200 பேர். அத்தனை பேர் வராவிட்டால் தீர்மானத்தைப் பின்னர் எவரும் கேள்வி கேட்கலாம். பல மாவட்டங்களில் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றபோதும் கிராம சபை நின்றுவிடவில்லை. நகரங்களில் வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. உண்மையைச் சொன்னால், பல வார்டுகளில் அவை பெயரளவுக்கே கூடுகின்றன. இருந்தாலும் கோரிக்கை பதிவாவதற்காகவேனும் போகத்தான் வேண்டும்.

உள்ளாட்சியின் நடத்தை பற்றிய கோப்பு

இந்தக் கோப்பில் ஊகத்துக்கு இடமில்லை. "கமிஷன் வாங்கிவிட்டார்" என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதினால் அவதூறு வழக்கு உங்கள் மேல் வரும். கட்டடம் தன்பாட்டில் எழும்பும். மூன்று மனுக்களுக்கும் இன்ன இன்ன தேதியில் ஒப்புகை தந்தும் தள ஆய்வு செய்யப்படவில்லை, தானப் பத்திரம் பெறச் சொன்ன குறிப்பின்மீது நடவடிக்கை இல்லை, தமக்கு ஆதாயமுள்ள பொருளில் உறுப்பினர் ஒருவர் தாமே வாக்களித்திருக்கிறார் என்பதுபோல ஆவணம் காட்டும் செய்திகளை மட்டும் தேதி வரிசையில் எழுதுங்கள்.

முதல்வரின் முகவரி, 1100 எண், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாள் ஆகியவற்றில் கொடுத்த மனுக்கள் பெரும்பாலும் அதே நகராட்சிக்குத்தான் திரும்பும். ஆனாலும் மனு எண் கிடைக்கும், அந்த எண்ணின் மீது என்ன செய்தார்கள் என்று தகவல் உரிமையில் கேட்கலாம். ஊராட்சி என்றால் மாவட்ட ஆட்சியரே ஊராட்சிகளின் ஆய்வாளர் என்பதால், அவருக்கான மனுவை அந்தப் பதவிப்பெயரைக் குறிப்பிட்டு எழுதுங்கள். நிர்வாகச் சீர்கேட்டுக்கென்றே 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்ளாட்சி முறைமன்ற நடுவம் (ஆம்பட்ஸ்மன்) இருக்கிறது. இந்த அமைப்பைப் பற்றி வழக்கறிஞர்களிலேயே பலருக்குத் தெரியாதது வியப்புதான். லஞ்சம் கேட்டதற்கு நேரடிச் சான்று இருந்தால் மட்டும் லஞ்ச ஒழிப்புத் துறை.

உயர் நீதிமன்றமும் அதற்குப் பிறகும்

மனு கொடுத்து நியாயமான காலம் கடந்தும் அசைவில்லையென்றால் அரசமைப்புச் சட்டத்தின் 226ஆம் பிரிவின்கீழ் ரிட் மனு. தென்மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை. பெரும்பாலும் முதல் உத்தரவு, மனுதாரரின் கோரிக்கையை இத்தனை வாரங்களுக்குள் சட்டப்படி பரிசீலிக்க வேண்டும் என்பதாகவே இருக்கும். இதற்கா இவ்வளவு செலவு என்று தோன்றும். அந்தத் தேதி கடந்தால் அது அவமதிப்பு என்பது ஆணையருக்கும் தெரியும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றிச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவி உண்டு. தொடர்ந்து போராடுவதானால் ஏழு பேர் சேர்ந்து 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் சங்கத்தைப் பதிவுசெய்துகொள்ளுங்கள். தனியாள் ஒருவர் மீது வரும் நெருக்குதல் அப்போது பகிரப்படும்.

பணியை நிறுத்தவோ அகற்றவோ அறிவிப்பு வந்ததும் கட்டுபவர் அரசிடம், அதாவது வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறையிடம் மேல்முறையீடு செய்வார். உங்களுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். எனவே அறிவிப்பு வந்த வாரமே துறைச் செயலருக்கு, எங்கள் தரப்பையும் கேட்ட பின்னரே முடிவெடுக்க வேண்டும் என்று எழுதிவையுங்கள்.

எங்கள் தெருவில் தற்போது கட்டுமானம் நின்று, நகராட்சி முள்வேலி போட்டு, புல எண் எழுதிய மஞ்சள் பலகை நட்டிருக்கிறது. அன்று இனிப்பு கொடுத்துக் கொண்டாடியவர்களில் ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் மட்டும், "பட்டா யார் பேர்ல இருக்குன்னு பாத்தீங்களா?" என்று கேட்டார். பார்த்தோம், இன்னும் பழைய உரிமையாளரின் வாரிசுகள் பெயரில்தான் இருந்தது. நகராட்சியின் பெயருக்கு மாற்றக் கோரி வட்டாட்சியரிடமும், நகராட்சியின் சொத்துப் பதிவேட்டில் ஏற்றக் கோரி ஆணையரிடமும் மனு கொடுத்து ஏழு மாதம் ஆகிறது. அந்த மனுக்கள் பற்றிக் கேட்ட தகவல் உரிமை மனுவின் முதல் மேல்முறையீட்டுக்கான பதில் அடுத்த வாரம் வர வேண்டும்.